நல்ல குடும்பஸ்தர் என்கிற வரி

ஃபிரெட் பேரிஸ் 2022 ஜனவரி 13 அன்று இறந்துபோனார். வயது 85. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் ஊர்க்காரர். கறுப்பர். ‘ஃபைவ் சாட்டின்ஸ்’ என்கிற குழுவின் முதன்மைக் குரல். 1956-இல் வெளிவந்த ‘இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்’ என்கிற ஒரு பாட்டுக்காக உலகத்துக்குத் தெரிந்தவர். பாட்டை எழுதியவரும் அவர்தான்.

டூ-வாப் பாடகர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிற காலம் இது. அவர்களுக்கு எழுதப்படுகிற அஞ்சலிக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் பாட்டின் பெயரும் வருஷமும். பிறகு அந்தப் பாட்டு எந்தெந்தப் படத்தில் வந்தது என்கிற பட்டியல். நடுவில் ஐம்பது வருஷத்தை ஒரே தாவாகத் தாவிவிட்டு, கடைசியில் ஒரு வரி: குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர், நல்ல குடும்பஸ்தர், மனைவியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். முடிந்தது கதை.

அந்தக் கடைசி வரியைச் சடங்கு என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாட்டு கலை, குடும்பம் சொந்த விஷயம், அதில் விமர்சகனுக்கு என்ன வேலை என்பது பொது எண்ணம். நான் அந்த வரியில்தான் நிற்க விரும்புகிறேன். பேரிஸின் பாட்டு எங்கிருந்து வந்தது என்று புரிய அந்த வரி வேண்டும். அந்த வரி புரிய அமெரிக்கக் கறுப்பர்களின் சரித்திரம் வேண்டும். கூடவே, அந்த வரியைப் போட்டு எதையெல்லாம் மூடிவிடுகிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

*

டூ-வாப் தெரியாத தோழர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரியான நகரங்களில் கறுப்பர் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு அது. பிற்பாடு இத்தாலியப் பையன்களும் போர்ட்டோ ரிக்கோப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். நாலைந்து பேர் தெருமுனையிலோ பள்ளிக்கூடப் படிக்கட்டிலோ சுரங்க ரயில் நிலையத்திலோ கூடி நிற்பார்கள். வாத்தியம் வாங்கக் காசு கிடையாது. அதனால் வாயே வாத்தியம். ஒருத்தன் முன்குரல். இரண்டு மூன்று பேர் நடுவில் இழைப்பார்கள். ஒருத்தன் கீழே இறங்கிக் கனத்த குரலில் தாளம் கொடுப்பான். முன்குரல்காரனுக்கு மட்டும்தான் வார்த்தை. மற்றவர்களுக்கு அர்த்தமில்லாத அசைகள். டூ-வாப் என்கிற பெயரே அப்படி ஒரு அசைதான். பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு மற்றவர்கள் ஒட்டிவைத்த பெயர்.

கறுப்பு இசை பற்றி எழுதுகிற பெரிய விமர்சகர்கள் பலருக்கு இந்த வகையின் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. புளூஸில் துயரம் இருக்கிறது, ஜாஸில் அறிவு இருக்கிறது, பின்னால் வந்த சோல் இசையில் போராட்டம் இருக்கிறது. டூ-வாப்பில் என்ன இருக்கிறது? பதினாறு வயசுப் பையன்களின் காதல் புலம்பல். வெள்ளையர் பாட்டின் இனிப்பை எடுத்துக் குடித்தது. இப்படித்தான் கணக்கு ஓடுகிறது. கோபம் இருந்தால்தான் அரசியல், அழுகை இருந்தால்தான் உண்மை என்று ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஒடுக்கப்பட்டவர்களின் கலையை அளப்பது ரொம்பப் பழைய பழக்கம். அந்த அளவுகோலை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

இப்போது பாட்டுக்கு வருவோம். பேரிஸ் 1936-இல் பிறந்தவர். நியூ ஹேவன் ஹில்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1953 வாக்கில் ‘ஸ்கார்லெட்ஸ்’ என்று ஒரு குழு சேர்த்தார். ஹார்லெமில் இருந்த ‘ரெட் ராபின்’ என்கிற சின்னக் கம்பெனி அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது. பிறகு ராணுவம் கூப்பிட்டுக்கொண்டது. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பிரிவாக வைக்கக் கூடாது என்று அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டது 1948-இல். கடைசித் தனிப் பிரிவு கலைந்தது 1954-இல். அந்தச் சூட்டோடு சூடாகப் படைக்குப் போன தலைமுறை பேரிஸுடையது. பிலடெல்பியாவில் இருந்தபோது ராத்திரிக் காவல் நிற்கையில் எழுதிய பாட்டு அது என்று அவரே சொல்லியிருக்கிறார். தூங்காமல் நிற்க வேண்டிய ஒருத்தன், தனக்கென்று இருந்த ஒரு ராத்திரியை நினைத்துப் பார்க்கிறான்.

1956 பிப்ரவரியில், விடுப்பு நேரத்தில் பதிவு நடந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுக்கப் பணம் ஏது? நியூ ஹேவனில் புனித பெர்னதெத் கத்தோலிக்கக் கோயிலின் நிலவறைக் கூடம் கிடைத்தது. அந்தப் பங்கைச் சேர்ந்த வின்னி மஸெட்டா என்கிற சாக்ஸபோன் வாசிக்கும் இளைஞர் கேட்டு வாங்கிக் கொடுத்த இடம். பாட்டின் நடுவில் வருகிற சாக்ஸபோன் அவருடையது. குழுவின் பெயரில் ஐந்து பேர். அன்றைக்குப் பாடியது நான்கு பேர். இசைத்தட்டில் அது முதல் பக்கப் பாட்டுகூட இல்லை, பின்பக்கம். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ‘எம்பர்’ கம்பெனி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கறுப்பர் சந்தைக்கென்று இருந்த ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 3-ஆம் இடம், பொதுப் பட்டியலில் 24-ஆம் இடம்.

அப்போது பேரிஸ் எங்கே? ஜப்பானில், ராணுவ முகாமில். தன் குரல் ஊரெல்லாம் கேட்கிறது, குரல்காரன் கடல் தாண்டிக் கிடக்கிறான். 1957-இல் குழுவின் அடுத்த வெற்றிப் பாட்டான ‘டு தி ஐல்’-ஐ முன்குரலாகப் பாடியவர் பில் பேக்கர். பேரிஸ் திரும்பி வந்தது 1958-இல். வந்தவர் குழுவைத் திரும்பவும் சேர்க்க வேண்டியிருந்தது.

*

அந்தப் பாட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காதல் பாட்டு என்று சொன்னால் போதாது. நினைவு பற்றிய பாட்டு அது. மே மாதத்து ராத்திரி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று ஒருத்தன் சொல்கிறான். அந்தப் பெண் திரும்பி வருவாள் என்று எந்த உத்தரவாதமும் அதில் இல்லை. எனக்கு எதுவும் சொந்தமில்லாமல் போகலாம், அந்த ராத்திரி எனக்குச் சொந்தம், அவ்வளவுதான். பின்னால் நிற்பவர்கள் வார்த்தையே இல்லாமல் அதைத் தாங்குகிறார்கள். அவர்களுடைய அசைகள் பாட்டுக்கு முன்னாலேயே தொடங்கி, பாட்டு முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தனியாகத் தவிக்கிறவனுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அந்தப் பாட்டின் வடிவம்.

இதில் அரசியல் எங்கே என்று கேட்பவர்கள் அந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்கிற 14 வயதுக் கறுப்புப் பையனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டான் என்று குற்றம் சாட்டி. கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. 1956 ஏப்ரலில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் நாட் கிங் கோல் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை நிறவெறி ஆட்கள் ஏறி வந்து அவரைக் கீழே தள்ளினார்கள். கோல் அந்தக் காலத்துப் பாடகர்களிலேயே மிருதுவானவர். போராட்டப் பாட்டுப் பாடியவர் கிடையாது. காதல் பாட்டுத்தான் பாடினார். அதுவே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஏன் பொறுக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்பு ஆணை உடம்பாகப் பார்ப்பது அந்த ஆட்சிக்கு வசதி. உழைக்கிற உடம்பு, அல்லது பயமுறுத்துகிற உடம்பு. இரண்டில் எதுவானாலும் கட்டிப்போடலாம். ஏங்குகிறவன், நினைத்துக்கொண்டிருக்கிறவன், ஒருத்திக்காகக் காத்திருக்கிறவன் என்று வந்துவிட்டால் அவன் மனுஷன் ஆகிவிடுகிறான். அவனுக்கு உள்ளே ஒரு வீடு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. டூ-வாப்பின் இனிப்பு என்று விமர்சகர்கள் தள்ளுகிற அந்த மிருது, 1956-இல் சும்மா கிடைத்ததில்லை. அதற்கு விலை இருந்தது.

*

இங்கேதான் குடும்பஸ்தர் என்கிற வரி வருகிறது.

அடிமைமுறை இருந்த காலத்தில் கறுப்பர்களின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. புருஷனை ஒரு ஊருக்கும் பெண்டாட்டியை இன்னொரு ஊருக்கும் விற்கலாம். பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கி ஏலம் விடலாம். 1865-இல் அடிமைமுறை ஒழிந்ததும் விடுதலையான மக்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தொலைந்துபோனவர்களைத் தேடியது. கறுப்பர்கள் நடத்திய பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். என் அம்மா பெயர் இது, எங்களை விற்ற முதலாளி பெயர் இது, கடைசியாய்ப் பார்த்தது இந்த ஊரில், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படிப்பட்ட விளம்பரங்கள் பல பத்து ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தன. குடும்பம் என்பது அந்த மக்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்த சொத்து கிடையாது. தேடிச் சேர்த்தது. இருந்தவனுக்குக் குடும்பம் பழமைவாதமாகத் தெரியலாம். பிடுங்கப்பட்டவனுக்கு அது வேறு.

இப்படிப் பிடுங்கிய நாடு, நூறு வருஷம் கழித்து என்ன சொன்னது தெரியுமா? 1965-இல் தொழிலாளர் துறை உதவிச் செயலர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் ஒரு அறிக்கை எழுதினார். கறுப்பர் குடும்பம் சிதைந்து கிடக்கிறது, அவர்கள் முன்னேறாததற்கு அதுவே நடுக்காரணம் என்றது அந்த அறிக்கை. அடிமைமுறையையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அதுவும் சொல்லத்தான் செய்தது. ஆனால் மக்கள் மனதில் தங்கியது என்ன? கறுப்பு ஆண் பொறுப்பில்லாதவன், வீட்டில் தங்காதவன், பிள்ளையைப் பெற்றுவிட்டு ஓடிப்போகிறவன் என்கிற படம். அதற்குப் பிறகு கறுப்பு ஆண் ஒருவன் குடும்பத்தோடு இருந்தான் என்பதே ஒரு சாட்சியம் ஆகிவிட்டது. அஞ்சலிக் குறிப்பில் குடும்பத்தார் அந்த வரியை எழுதச் சொல்லும்போது, அந்த அறிக்கைக்கும் சேர்த்தே பதில் சொல்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூ ஹேவன் நகர மறுசீரமைப்புக்கு மாதிரி நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். மேயர் ரிச்சர்ட் லீ காலத்தில் மத்திய அரசுப் பணம் கொட்டியது. 1957 முதல் ஓக் ஸ்ட்ரீட் பகுதியை இடித்தார்கள். கறுப்பர்களும் இத்தாலியர்களும் யூதர்களும் கலந்து வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. அது போய் நெடுஞ்சாலை வந்தது. கறுப்பர்கள் நிறைந்த டிக்ஸ்வெல் பகுதியிலும் 1960-களில் இடிப்பு நடந்தது. 1967 ஆகஸ்டில் அந்த மாதிரி நகரத்திலேயே கலவரம் வெடித்தது. பேரிஸ் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து குழுவைச் சேர்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் இவை. ஒரு பக்கம் குடியிருப்பை இடிப்பது, இன்னொரு பக்கம் குடும்பம் சிதைகிறது என்று அறிக்கை எழுதுவது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் காரியம். அதே வட்டாரத்தில் 85 வயது வரை வாழ்ந்து, பிள்ளை பேரன் பேத்தி பார்த்து, கடைசிக் காலம் வரை மேடை ஏறியவர் ஒருவர் என்றால் அந்த வாழ்க்கையை ஒரு வரியில் முடிக்க முடியுமா?

*

சரி, அப்படியென்றால் ஏன் முடிக்கிறார்கள்? அழிந்துபோன கறுப்புக் கலைஞனைத்தான் சந்தைக்கு வேண்டியிருக்கிறது.

பேரிஸின் பாட்டு வந்த அதே 1956-இல் ‘வை டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ வந்தது. பாடியவர் ஃபிராங்கி லைமன், 13 வயது. ‘டீனேஜர்ஸ்’ குழு. லைமன் 1968 பிப்ரவரியில், 25 வயதில், ஹார்லெமில் தன் பாட்டி வீட்டில் ஹெராயின் போதையில் செத்துக் கிடந்தார். பின்னால் மூன்று பெண்கள் நான்தான் மனைவி என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1998-இல் அதை ஹாலிவுட் படமாகவே எடுத்தது. சாவு, போதை, மூன்று பெண்டாட்டி, கோர்ட். படத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. லைமனைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 13 வயதுப் பிள்ளையைக் கசக்கிப் பிழிந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என் கேள்வி வேறு. அதே குழுவில் பின்னால் நின்று பாடிய ஹெர்மன் சாந்தியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட் ஆகிய இருவருடைய கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பாட்டை எழுதியதில் எங்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். எழுதியவர் பெயராக லைமனோடு சேர்த்துக் கம்பெனிக்காரர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர் இருந்தது. பிறகு மாரிஸ் லெவி என்கிற கம்பெனி முதலாளி பெயர் ஏறியது. முதலாளி எப்போது பாட்டெழுதினான் என்று யாரும் கேட்கவில்லை. 1992-இல் நியூயார்க் நடுவர் குழு, சாந்தியாகோவும் மெர்ச்சன்டும் எழுதியவர்கள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர்கள் எழுதவில்லை என்று அது சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றது. பள்ளிக்கூடப் பையன்களாக ஏமாந்தவர்கள், நரைத்த தலையோடு வந்து நின்றபோது காலம் கடந்துவிட்டது. இதைப் படமாக எடுக்க யாரும் வரவில்லை.

அஞ்சலி வரியின் மேல் எனக்கிருக்கிற சண்டை இதுதான். குடும்பஸ்தர், பொறுமைசாலி, யார் மேலும் கசப்பு வைத்துக்கொள்ளாதவர் என்று எழுதுகிறபோது கணக்குப் புத்தகம் மூடிவிடுகிறது. பாட்டில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்கிறவனை, செத்த வீட்டில் பணப் பேச்சா என்று வாயடைக்கிறார்கள். பேரிஸின் பாட்டு 1959-இல் ‘ஓல்டீஸ் பட் குடீஸ்’ என்கிற தொகுப்பில் சேர்ந்து, 1960-இலும் 1961-இலும் மறுபடி பொதுப் பட்டியலில் ஏறியது. நியூயார்க்கின் சி.பி.எஸ். எஃப்.எம். வானொலி நேயர்கள் வருஷா வருஷம் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். 1987-இல் ‘டர்ட்டி டான்ஸிங்’ படத்தில் வந்தது. 1992-இல் ‘பாய்ஸ் டு மென்’ குழு மறுபடி பாடி 3-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. 2019-இல் ‘தி ஐரிஷ்மேன்’ படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. இத்தனை கைக்கு மாறிய பாட்டு. ஒவ்வொரு கை மாறும்போதும் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று கேட்பது செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை ஆகாது. குடும்பம் என்று சொல்லிவிட்டுக் கூலியைச் சொல்லாமல் விட்டால் அதுதான் அவமரியாதை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆண் குடும்பத்தோடு இருந்தால் செய்தி. பெண் இருந்தால்? ராத்திரி வண்டியேறி ஊர் ஊராய்ப் பாடப் போகிறவனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது என்றால், அந்த வீட்டை வீடாக வைத்திருந்தவள் ஒருத்தி இருந்தாள். அஞ்சலிக் குறிப்பில் அவளுக்கு உயிரோடிருப்பவர்கள் பட்டியலில் ஒரு பெயர் மட்டும்தான். பாட்டுக்குள்ளும் அதே கதை. நினைக்கப்படுகிறவள் பெண், ஆனால் அவளுக்குக் குரல் இல்லை. அந்த ராத்திரியை அவள் எப்படி நினைவில் வைத்திருக்கிறாள் என்று பாட்டு கேட்பதில்லை. அந்தக் காலத்திலேயே பெண்களும் பாடினார்கள். நியூயார்க் பிராங்க்ஸ் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளி மாணவிகளான ‘சான்டெல்ஸ்’ குழுவின் ‘மேபி’ 1957 கடைசியில் வந்தது. ஆர்லீன் ஸ்மித்தின் குரல் அதில் கெஞ்சுகிறதா, கேட்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டூ-வாப் சரித்திரம் எழுதுகிறவர்கள் தெருமுனைப் பையன்களை வைத்தே எழுதி முடித்துவிடுகிறார்கள். தெருமுனையில் ராத்திரி நிற்க எந்தப் பெண்ணுக்கு அனுமதி இருந்தது என்று யோசித்தாலே பாதி விடை கிடைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த வரியைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. குடும்பத்தார் அதை எழுதட்டும். அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. நான் கேட்பது எழுதுகிறவர்களிடம், நம் மாதிரி வாசிக்கிறவர்களிடம். ஒடுக்கப்பட்டவன் எரிந்து செத்தால் காவியம், பிள்ளை குட்டியோடு வாழ்ந்து செத்தால் ஒரு வரி என்கிற ரசனையை முதலில் சந்தேகப்படுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு பாடகர் இறந்த செய்தி வந்தால், பாட்டின் பெயரோடு நிறுத்தாமல் கேளுங்கள்: பாட்டை யார் எழுதினார்கள், எழுதியவர் என்று யார் பெயர் அச்சானது, பின்னால் நின்று பாடியவர்கள் யார், அவர் குடியிருந்த தெரு இன்னும் இருக்கிறதா, அவர் பாடப் போன ராத்திரிகளில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார். இவற்றுக்குப் பதில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் நல்ல குடும்பஸ்தர் என்று போடுங்கள். அப்போது அந்த வரிக்குக் கனம் இருக்கும்.